நஞ்சைத் திருடும் நத்தை

பொங்கோல் முனைப் படகுத்துறையில் மாலை வேளைகளில் எப்போதும் ஆள்நடமாட்டம் இருக்கும். தூண்டில் போட்டுக் காத்திருப்போர், சைக்கிளைச் சாய்த்துவிட்டு இளைப்பாறுவோர், சூரியன் மறைவதைக் கைப்பேசியில் படமெடுப்போர். எதிர்க்கரையில் ஜோகூரின் பாசிர் கூடாங் ஆலைகள். கிழக்குப் பக்கம் புலாவ் உபின். நடுவில் ஜோகூர் நீரிணை, கலங்கிய பச்சை நிறத்தில். சுற்றுலா விளம்பரங்களில் வரும் நீலக் கடலோடு ஒப்பிட்டால் சற்று ஏமாற்றமாகத்தான் இருக்கும். ‘இந்தத் தண்ணீரில் என்ன பெரிதாக இருந்துவிடப் போகிறது?’ என்று தோன்றும்.

இருக்கிறது. இந்த நீரிணையை ஒட்டிய நம் வடகரைகளில், கடல் நன்றாக வற்றும் நேரத்தில், ஈரமான தலைமுடிக் கற்றைபோல ஒரு பச்சைப் பாசி தென்படும். பிரையாப்சிஸ் என்பது அதன் பெயர். சில காலங்களில் மண்டிக் கிடக்கும்; சில காலங்களில் தேடினாலும் கிடைக்காது. அந்தக் கற்றைக்கு அருகில் குனிந்து பொறுமையாகப் பார்த்தால், பாசியின் ஒரு துணுக்கு மட்டும் மெல்ல நகர்வதைக் காணலாம். அது பாசி அல்ல. எலிசியா ஆர்னாட்டா என்ற கடல்நத்தை.

பெரும்பாலும் உங்கள் கட்டைவிரலைவிடச் சிறியது. உடல் பச்சை. அதன்மேல் கறுப்பும் வெள்ளையுமாகப் பொடிப் புள்ளிகள். முதுகின் இருபுறமும் சிறகுபோன்ற இரண்டு மடல்கள். அந்த மடல்களின் விளிம்பில், பட்டுப் பாவாடைக்குக் கரை வைத்ததுபோல, ஓர் ஆரஞ்சுக் கோடும் ஒரு கறுப்புக் கோடும் ஓடும். ஆர்னாட்டா என்ற லத்தீன் சொல்லுக்கே ‘அலங்கரிக்கப்பட்டது’ என்றுதான் பொருள். மடல்களை மூடிக்கொண்டால் இலைபோல இருக்கும். விரித்தால்தான் அலங்காரம் தெரியும்.

இங்கே பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ‘கடலட்டை’ என்ற சொல்லை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். மன்னார் வளைகுடாப் பக்கத்து மீனவர்கள் அப்படி அழைப்பது வேறோர் உயிரை. வெள்ளரிக்காய் வடிவில் கடலடியில் கிடக்கும், சீன விருந்துகளில் பரிமாறப்படும் அந்த உயிர், கடல் நட்சத்திரங்களின் உறவு. நாம் பேசப்போவது மெல்லுடலிகளைப் பற்றி. அதாவது நத்தை, சிப்பி, கணவாய் வகையறா. ஆகவே இதைக் கடலட்டை என்று சொல்லாமல் ‘ஓடில்லாக் கடல்நத்தை’ என்றே வைத்துக்கொள்வோம்.

ஓடு எங்கே போனது?

ஓடில்லா நத்தைக்கு ஓடு ஒருபோதும் இருந்ததில்லை என்று நினைத்துவிடாதீர்கள். முட்டையிலிருந்து வெளிவரும் அதன் குடம்பிக்கு, கண்ணுக்குத் தெரியாத அளவில் ஒரு சிறு ஓடு உண்டு. அந்த ஓட்டோடு அது கடலில் மிதந்து திரியும். தகுந்த இடம் கிடைத்து, உருமாறி, தரையில் ஊர்ந்து வாழத் தொடங்கும்போது ஓட்டைக் கழற்றிவிடும். அதன் முன்னோர்கள் எல்லாரும் ஓட்டுடன் வாழ்ந்த நத்தைகள் என்பதற்கு அந்தக் குழந்தைப் பருவம் ஒரு சாட்சி.

ஓடு என்பது நல்ல கவசம். ஆனால் கனமானது, கட்டுவதற்குச் செலவு அதிகம், இண்டு இடுக்குகளில் நுழைய விடாது. அதைத் தூக்கி எறிந்தால் வேகமும் வளைவும் கிடைக்கும். ஆனால் மென்மையான, எலும்பில்லாத, ஓடவும் தெரியாத ஒரு சதைத் துண்டு கடலில் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்? மீன்களுக்கும் நண்டுகளுக்கும் அது கையில் வைத்துக் கொடுத்த தின்பண்டம் அல்லவா?

கவசத்தைக் கைவிட்டவருக்கு வேறோர் ஆயுதம் வேண்டும். எலிசியாவின் ஆயுதம் நஞ்சு. ஆனால் அந்த நஞ்சைத் தயாரிக்க அதற்குத் தெரியாது. அதன் கதை சுவையாவது இந்த இடத்தில்தான்.

முதலில் அது எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்த்துவிடுவோம். பிரையாப்சிஸ் பாசி விந்தையான ஒன்று. கிளைவிட்டுச் செடிபோல வளர்ந்தாலும், உள்ளே தடுப்புச் சுவர்கள் கிடையாது. ஏராளமான உட்கருக்களைக் கொண்ட ஒரே பெரிய செல் அது. நீண்ட, கிளைத்த குழாய் என்று சொல்லலாம். எலிசியாவின் வாயில் ஒற்றை வரிசையில் பற்கள் உண்டு. ஒரு நேரத்தில் ஒரு பல்லைத்தான் பயன்படுத்தும். கத்திபோன்ற அந்தப் பல்லால் குழாயில் ஒரு துளை போடும். பிறகு உள்ளே இருப்பதை உறிஞ்சும். பபள் டீ கோப்பையின் மூடியை உறிஞ்சுகுழலால் ‘டப்’ என்று குத்துவீர்களே, கிட்டத்தட்ட அதேதான். தேய்ந்த பல்லையும் அது துப்பிவிடுவதில்லை. வாய்க்குள் உள்ள ஒரு பையில் போட்டுச் சேமித்துக்கொள்ளும். இந்த வகை நத்தைகளுக்கு ‘சாக்கோகுளோசா’, அதாவது ‘பை நாக்கு’ என்று பெயர் வரக் காரணம் அந்தப் பைதான்.

உறிஞ்சிய சாற்றில் பாசியின் பசுங்கணிகங்களும் வரும். ஒளிச்சேர்க்கையைச் செய்யும் அந்தப் பச்சை நுண்ணுறுப்புகளைப் பற்றி அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். மற்ற உயிர்களாக இருந்தால் அவற்றைச் செரித்துவிடும். எலிசியா குடும்பம் அப்படிச் செய்வதில்லை. பசுங்கணிகங்களைச் சிதைக்காமல் தன் செரிமான உறுப்பின் செல்களுக்குள் வைத்துக்கொள்கிறது. அதன் பச்சை நிறமே அப்படி வந்ததுதான். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வாழும் எலிசியா குளோரோட்டிக்கா, திருடிய பசுங்கணிகங்களைப் பல மாதங்களுக்கு உயிர்ப்புடன் வைத்திருக்கும். நம் எலிசியா ஆர்னாட்டா அந்த அளவுக்குக் கெட்டிக்காரன் அல்ல. சீக்கிரம் தீர்ந்துவிடும், மறுபடி உறிஞ்ச வேண்டும்.

‘வெயிலில் காய்ந்தே வயிறு நிரப்பும் விலங்கு’ என்று இந்தக் குடும்பத்தைப் பற்றிப் பல இடங்களில் எழுதுகிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். 2014இல் ஓர் ஆய்வுக்குழு, பசுங்கணிகங்களை நீண்ட காலம் வைத்திருக்கும் இரண்டு இனங்களைப் பட்டினி போட்டுப் பார்த்தது. சில நத்தைகள் வெளிச்சத்தில், சில இருட்டில். இருட்டில் இருந்தவையும் பல வாரங்கள் உயிரோடு இருந்தன. ஒளிச்சேர்க்கை இல்லாவிட்டால் செத்துவிடும் என்பது உண்மையாக இருந்தால் அப்படி நடந்திருக்காது. திருடிய பசுங்கணிகம் உணவுத் தொழிற்சாலையா, அல்லது பசிக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்ளும் சேமிப்பா? ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

இதே குடும்பத்தைப் பற்றி 2021இல் இன்னொரு செய்தி வந்து உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. எலிசியா ஆர்னாட்டாவுக்கு மிக நெருங்கிய உறவு எலிசியா மார்ஜினாட்டா. இரண்டும் ஒரே சாயல். நெடுங்காலம் ஆய்வாளர்களே குழம்பியிருக்கிறார்கள். ஜப்பானின் நாரா மகளிர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி மிட்டோ சயாகா, தாம் வளர்த்த ஒரு நத்தையின் தலை உடலை விட்டுத் தனியே ஊர்ந்து போவதைப் பார்த்தார். யாரும் வெட்டவில்லை. அதுவே கழற்றிக்கொண்டது. உடலோடு இதயமும் போய்விட்டது. காயம் ஒரே நாளில் மூடியது. இளம் நத்தைகளின் தலைகள் சில மணி நேரத்திலேயே பாசியைத் தின்னத் தொடங்கின. ஒரு வாரத்தில் இதயம் முளைக்க ஆரம்பித்தது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் முழு உடலும் வந்துவிட்டது. கழற்றிவிட்ட உடலும் சில நாள், சில வேளை பல மாதங்கள்கூட அசைந்துகொண்டிருந்தது. ஆனால் அதற்குப் புதிய தலை முளைக்கவில்லை. வயதான நத்தைகளின் தலைகள் எதையும் தின்னாமல் பத்து நாளில் இறந்தன. இப்படி ஏன் செய்கிறது? உடலுக்குள் புகுந்த ஒட்டுண்ணிகளிடமிருந்து தப்புவதற்காக இருக்கலாம் என்பது அந்த ஆய்வாளர்களின் கருத்து. நம் கரையில் வாழும் இனமும் இதைச் செய்யுமா என்று தயவுசெய்து யாரும் சோதித்துப் பார்க்கக் கிளம்பிவிடாதீர்கள்.

நஞ்சைச் செய்தவர் யார்?

இப்போது நஞ்சுக்கு வருவோம். இந்தக் கதையில் குற்றவாளியைத் தேடிப் போன ஆய்வாளர்கள், ஒவ்வொரு கதவாகத் தட்டி, கடைசியில் யாருமே எதிர்பார்க்காத ஒரு வீட்டில் போய் நின்றார்கள்.

1993இல் ஹவாயில், எலிசியா ருஃபெசன்ஸ் என்ற நத்தையிலிருந்து கஹலலைட் எஃப் என்ற நஞ்சைப் பிரித்தெடுத்தார்கள். கஹாலா என்ற கடற்கரையின் பெயரால் அந்தப் பெயர். மீன்கள் இந்த நஞ்சு கலந்த உணவைத் தொடுவதில்லை. 2000இல் நம் எலிசியா ஆர்னாட்டாவிலும் அதே குடும்ப நஞ்சுகள் இருப்பது தெரியவந்தது. இரண்டு நத்தைகளும் தின்பது பிரையாப்சிஸ். அந்தப் பாசியைச் சோதித்தபோது அதிலும் நஞ்சு இருந்தது, நத்தையில் இருப்பதைவிட மிகக் குறைவாக. ஆக, நத்தை தயாரிக்கவில்லை. பாசியிடமிருந்து எடுத்துச் சேர்த்துக்கொள்கிறது. வழக்கு முடிந்தது என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முடியவில்லை. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மொகமட் டோனியாவின் ஆய்வகம், மேரிலாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2019இல் அடுத்த கதவைத் தட்டியது. நஞ்சைத் தயாரிக்கும் மரபணுக்கள் பாசியின் மரபணுத் தொகுதியில் இல்லை. அவை பாசிக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியாவில் இருந்தன. அந்தப் பாக்டீரியா வெளியே தனித்து வாழத் தேவையான மரபணுக்கள் பலவற்றை இழந்துவிட்டது. ஆனால் நஞ்சு தயாரிக்கும் மரபணுக்களை மட்டும் கட்டிக் காத்து வைத்திருக்கிறது. அதன் மரபணுத் தொகுதியில் கணிசமான பங்கு இந்த ஒரு வேலைக்கே. வாடகை தராமல் தங்கியிருக்கும் விருந்தாளி அல்ல. வாடகையை நஞ்சாகக் கட்டும் குடித்தனக்காரர்.

பாக்டீரியா நஞ்சைச் செய்கிறது. பாசி அதைக் கொண்டு தன்னைத் தின்ன வருவோரைத் துரத்துகிறது. அந்த நஞ்சுக்கு அஞ்சாத ஒரே ஆள் வந்து, பாசியையும் தின்று, நஞ்சையும் வாரிக்கொண்டு போகிறது. பாக்டீரியாவை அது எடுத்துக்கொள்வதில்லை. சரக்கு மட்டும் போதும் அதற்கு.

இதற்கு விலை இல்லாமல் இல்லை. தானே நஞ்சு தயாரிக்கும் விலங்கு எங்கே வேண்டுமானாலும் போய் எதையும் தின்னலாம். திருடி வாழும் விலங்கு, திருடும் வீட்டை விட்டு விலக முடியாது. பிரையாப்சிஸ் இல்லையென்றால் இந்த நத்தைக்கு உணவும் இல்லை, நிறமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை.

தெற்கே ஒரு கறுப்பு வெள்ளை

இந்தத் திருட்டு எலிசியாவோடு முடிந்துவிடவில்லை. தென் தீவுகளின் கரைகளுக்குப் போனால் இதே நாடகத்தை வேறு நடிகர்கள் ஆடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

அங்கே நடிகரின் பெயர் ஜோருன்னா ஃபுனெப்ரிஸ். வெள்ளை வெல்வெட் துணியில் கறுப்பு மையை அங்கங்கே சொட்டியதுபோன்ற உடல். தலையில் முயல் காதுபோல இரண்டு கறுப்புக் கொம்புகள். தண்ணீரில் கரைந்துவரும் வாசனைகளை அவற்றால்தான் அறிகிறது. முதுகின் பின்பகுதியில் பூப்போல விரிந்திருப்பது அதன் செவுள். செவுள் உடலுக்கு வெளியே திறந்து கிடப்பதால் இந்த வகை நத்தைகளுக்கு ‘நியூடிபிராங்க்’, அதாவது ‘திறந்த செவுள்’ என்று பெயர். 2015 வாக்கில் ஜப்பானிலிருந்து ‘கடல் முயல்குட்டி’ என்று ஒரு காணொளி உலகம் முழுக்கப் பரவியதே, அதில் வந்தது இதன் சிறிய உறவுக்காரர்.

எலிசியா ஒளிந்து வாழ்கிறது. ஜோருன்னா ஒளிவதே இல்லை. கறுப்பும் வெள்ளையும் எந்தப் பின்னணியிலும் எடுப்பாகத் தெரியும். ‘நான் இங்கேதான் இருக்கிறேன், என்னைத் தொட்டால் உனக்குத்தான் கெடுதல்’ என்ற அறிவிப்புப் பலகை அது. ஒருமுறை கடித்துப் பார்த்து வாய் கசந்த மீன், அந்தக் கோலத்தை மறுமுறை கண்டால் ஒதுங்கும். அறிவிப்பு பளிச்சென்று இருந்தால்தான் பாடம் மனத்தில் நிற்கும்.

ஜோருன்னா தின்பது பாசியை அல்ல; நீல நிறக் கடற்பஞ்சு ஒன்றை. இந்த நத்தை அதன்மேல் அடிக்கடி இருப்பதால், சிங்கப்பூரின் கரையோர ஆர்வலர்கள் அந்தப் பஞ்சுக்கே ‘ஜோருன்னா பஞ்சு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். தின்னும் ஆளின் பெயரால் உணவுக்குப் பெயர்! கடற்பஞ்சு இருந்த இடத்தைவிட்டு நகர முடியாதது. அதனால் அதன் உடம்பு முழுவதும் நஞ்சு. ஜோருன்னா அதைத் தின்று, நஞ்சைத் தன் தோலிலும் அதைச் சுற்றியுள்ள சளியிலும் சேர்த்துக்கொள்கிறது.

இந்த நத்தைக்குத் தமிழர் வாழும் நிலத்தோடு ஒரு தொடர்பு உண்டு. இதை முதன்முதலில் அறிவியல் உலகுக்கு விவரித்தவர் இலங்கையில் பிறந்த மருத்துவர் எட்வர்ட் ஃபிரெடெரிக் கெலார்ட். 1850களின் இறுதியில் முத்துச் சிப்பிகளை ஆராயும் பணியில் அரசாங்கம் அவரை அமர்த்தியிருந்தது. திருகோணமலையிலும் மன்னார்ப் பக்கமும் கடலோரத்தில் வேலை. முத்துச் சிப்பியைப் பார்க்கப் போனவரின் கண்ணில் இந்த ஓடில்லா நத்தைகள் பட்டுவிட்டன. 1859இல் அவர் வைத்த பெயர்தான் ஃபுனெப்ரிஸ். ‘துக்க வீட்டுக்குரியது’ என்று பொருள். ஐரோப்பியரின் கறுப்புத் துக்க உடை அவருக்கு நினைவுக்கு வந்திருக்க வேண்டும். நம் ஊர்க் குழந்தை யாராவது பெயர் வைத்திருந்தால் வேறு மாதிரி வைத்திருக்கும்.

ஓடில்லா நத்தையை ஆராய்வதில் அன்று ஒரு பெரிய தொல்லை இருந்தது. சாராயத்தில் போட்டுப் பாதுகாத்தால் நிறம் வெளுத்து, உடல் சுருங்கி, எல்லாமே ஒரே மாதிரி உருண்டையாகிவிடும். ஆகவே உயிரோடு இருக்கும்போதே வண்ணப்படம் வரைந்து வைக்க வேண்டும். கெலார்ட் அப்படிப் படங்களைச் சேர்த்து வைத்திருந்தார். 1860இல் இங்கிலாந்து செல்லும் வழியில் கப்பலிலேயே அவர் இறந்துபோனார். அந்தப் படங்கள் தப்பின. 1906இல் சார்லஸ் எலியட் என்பவர் தென்னிந்திய, இலங்கை நத்தைகளைப் பற்றி எழுதியபோது, இங்கிலாந்தின் நியூகாசலில் இருந்த அந்தப் படங்களை வைத்துத்தான் பல இனங்களை இன்னதென்று உறுதி செய்தார்.

அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து, 2000இல், இத்தாலிய ஆய்வாளர்களும் கோவாவில் உள்ள தேசியக் கடலியல் கழகத்தின் ஆய்வாளர்களும் சேர்ந்து ஜோருன்னாவின் தோலிலிருந்தும் சளியிலிருந்தும் ஒரு வேதிப்பொருளைப் பிரித்தார்கள். ஜோருமைசின் என்று பெயரிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த புற்றுநோய்ச் செல்களை அது மிகச் சிறிய அளவிலேயே கொன்றது.

மீனை விரட்டும் நஞ்சு புற்றுநோய் மருத்துவருக்கு எதற்கு என்று கேட்கலாம். ஜோருமைசினின் வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்கள் மரபணு இழையில் ஒட்டிக்கொண்டு, செல் இரண்டாகப் பிரிவதைக் குலைத்துவிடும். வேகமாகப் பிரிந்துகொண்டே இருக்கும் செல்லுக்கு, அதாவது புற்றுநோய்ச் செல்லுக்கு, இது பேரிடி. இந்தக் குடும்பத்தில் ஒருவர் ஏற்கெனவே மருந்தாகிவிட்டார். கரீபியக் கடலின் அலையாத்தி வேர்களில் வளரும் ஓர் உயிரிலிருந்து கிடைத்த டிராபெக்டெடின் என்ற மருந்துக்கு, மென்திசுப் புற்றுநோய்க்காக ஐரோப்பாவில் 2007இலும் அமெரிக்காவில் 2015இலும் அனுமதி கிடைத்தது. எலிசியாவின் கஹலலைட் எஃப்பும் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. ஆனால் மருந்தாக வரவில்லை.

ஒரு நத்தையில் கிடைக்கும் மருந்துப் பொருள் கடுகளவுகூட இராது. மருந்துக்காக நத்தைகளைப் பிடிக்கத் தொடங்கினால், மருந்து தயாராகும் முன்பே நத்தை தீர்ந்துவிடும். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரிக்க முயல்கிறார்கள். 2019 தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்டெக் கழகத்தைச் சேர்ந்த குழு ஜோருமைசினை 16 படிகளில் தயாரித்துக் காட்டியது. அதே 2019இல் டோனியாவின் ஆய்வகம், இந்த வேதிக் குடும்பத்தைச் சேர்ந்த நஞ்சு ஒரு நீலக் கடற்பஞ்சில் எப்படி உருவாகிறது என்பதையும் கண்டுபிடித்தது. இங்கும் அதே விடைதான். பஞ்சு செய்வதில்லை. பஞ்சின் தனிவகைச் செல்களுக்குள் பத்திரமாக அடைபட்டு வாழும் ஒரு பாக்டீரியாதான் செய்கிறது.

பாசிக்குள் ஒரு பாக்டீரியா, பஞ்சுக்குள் இன்னொரு பாக்டீரியா. ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத இரு நத்தைகள், தனித்தனியே ஒரே தொழிலைக் கற்றுக்கொண்டிருக்கின்றன.

மீண்டும் நீரிணைக்கு

ஜோகூர் நீரிணை ஒரு குறுகிய தண்ணீர்ப் பட்டை. 1924இல் திறக்கப்பட்ட உட்லண்ட்ஸ் தரைப்பாலம் அதைக் குறுக்கே மறித்துக்கொண்டிருப்பதால், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீர் தடையின்றி ஓட முடியாது. இருபுறமும் ஆறுகள் வந்து கலக்கின்றன. இங்கே எது நடந்தாலும் அதன் தாக்கம் சீக்கிரம் கரைந்து போகாது.

2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் ஜோகூரில் வரலாறு காணாத மழை பெய்தது. ஆறுகள் வழியாக வந்த நன்னீர் நீரிணையின் உப்புத்தன்மையைக் குறைத்தது. புலாவ் உபினின் செக் ஜாவாவில் கடற்பஞ்சுகள், கடல் சாமந்திகள், கடல் நட்சத்திரங்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. நிலமீட்புத் திட்டத்தை 2001 டிசம்பரில் அரசாங்கம் ஒத்திவைத்ததால் தப்பிய கரை அது. பிறகு 2017 ஜனவரி 3ஆம் தேதி இரவு, பாசிர் கூடாங் அருகே இரண்டு கொள்கலன் கப்பல்கள் மோதின. சுமார் 300 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. பொங்கோல், சாங்கி, புலாவ் உபின் கரைகளுக்கு அது வந்து சேர்ந்தது. மீன் பண்ணைகளும் பாதிக்கப்பட்டன. தெற்கும் தப்பவில்லை: 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நேர்ந்த விபத்தில் சுமார் 400 டன் எண்ணெய் கொட்டி, செந்தோசா, செயின்ட் ஜான்ஸ், லாசரஸ் தீவுகள் வரை போனது.

இப்படி ஒரு கரை அடிவாங்கினால், ஓடில்லா நத்தை மீண்டும் வருமா? இதற்கு விடை அந்தக் குடம்பியிடம் இருக்கிறது. ஓடில்லா நத்தைகள் இருபால் உயிர்கள். ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். எந்த இரண்டு சந்தித்தாலும் இரண்டும் முட்டையிடலாம். முட்டைகள் சுருள் ரிப்பன்போல ஒட்டிக் கிடக்கும். அதிலிருந்து ஏராளமான குடம்பிகள் வெளிவந்து நீரோட்டத்தில் மிதந்து வரும். எண்ணிக்கைக்குக் குறைவில்லை. ஆனால் அவை எங்கே வேண்டுமானாலும் இறங்கிவிடுவதில்லை. பல இனங்களில், குடம்பி தன் எதிர்கால உணவின் வேதி வாசனையைத் தண்ணீரில் உணர்ந்தால்தான் தரையிறங்கி உருமாறும். பவளத்தைத் தின்னும் ஃபெஸ்டில்லா என்ற நத்தையின் குடம்பி பவளத்தின் வாசனைக்குக் காத்திருக்கும். சேற்றுப்பாசியைத் தின்னும் ஆல்டீரியா என்ற நத்தை அந்தப் பாசியின் வாசனைக்குக் காத்திருக்கும். வாசனை வராவிட்டால் மிதந்துகொண்டே போய்விடும்.

அதனால் நத்தையைக் காப்பாற்றுவது என்று தனியாக ஒன்று கிடையாது. கரை தூய்மையாகி, பாசி முளைத்து, அதனுள் அந்தப் பாக்டீரியாவும் இருந்தால், நத்தை தானாக வரும். 2012இல் ஜோகூர் நீரிணையிலும் 2013இல் தெற்கே சிங்கப்பூர் நீரிணையிலும் நடந்த விரிவான கடல்வாழ் உயிரினக் கணக்கெடுப்பில் தேசியப் பூங்காக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் நூற்றுக்கணக்கான தொண்டூழியர்களைச் சேர்த்துக்கொண்டன. கண்ணுக்கு அழகாக இல்லாத சேற்றையும் பாசியையும்கூட அவர்கள் சலித்துப் பார்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நீங்களே பார்க்க விரும்பினால், கடல் வற்றும் அட்டவணையை முதலில் பாருங்கள். நீர்மட்டம் அரை மீட்டருக்கும் கீழே இறங்கும் நாள்தான் உதவும். அது பெரும்பாலும் விடியற்காலையாகவோ இரவாகவோ இருந்து தொலைக்கும். தனியாகப் போகாதீர்கள். மூடிய காலணி அணியுங்கள். இடி இடித்தால் உடனே கரையேறுங்கள். செக் ஜாவாவில் பலகைப் பாதை இருப்பதால் சேற்றில் கால் வைக்காமலேயே நிறையப் பார்க்கலாம்.

நத்தையைக் கையில் எடுக்க வேண்டாம். வீட்டு மீன்தொட்டிக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். பிரையாப்சிஸ் இல்லாத தொட்டியில் அது பட்டினியால் சாகும். தண்ணீரை விட்டு வெளியே எடுத்தால் சிறகும் கொம்பும் சரிந்து, ஒரு சளித்துளிபோல ஆகிவிடும். பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஒரு குட்டையில், பாசிக் கற்றை தண்ணீருக்குள் மிதக்கும் இடமாகப் பார்த்து உட்காருங்கள். உங்கள் நிழல் அதன்மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில நிமிடம் அசையாமல் இருங்கள். பச்சைக்கு நடுவே மெல்லிய ஆரஞ்சுக் கோடு ஒன்று சுருங்கி விரிந்தால், தேடிவந்தவர் அவர்தான்.